புருஷன் பெயர்: பாவா

“டீச்சர், உங்கள உள்ள கூப்புட்றாங்க. லிஸ்ட்டையும் எடுத்துகினு வருவீங்களாம்.”

காவலுக்கு நின்ற பெண் போலீஸ் வந்து சொன்னபோது என் வாயில் பாதி வாழைப்பழம் இருந்தது. விடிந்ததும் விடியாததுமாக வந்து, பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் மேசை போட்டு உட்கார்ந்தவள் நான். யார் எந்த அறைக்குப் போக வேண்டும், பட்டியலில் அவர்கள் பெயர் எத்தனையாவது என்று பார்த்துச் சொல்வதுதான் அன்றைக்கு என் வேலை. பதினொரு மணிக்குத்தான் வாயில் ஏதாவது போட நேரம் கிடைத்தது. அதுவும் யாருக்கோ பொறுக்கவில்லை.

வாழைப்பழத்தை விழுங்கிவிட்டு எழுந்தேன். அந்த வாக்குச்சாவடி வேறொன்றுமில்லை, நான் பாடம் நடத்தும் மூன்றாம் வகுப்பு அறைதான். சுவரில் நான் ஒட்டிவைத்திருந்த படங்களில் பாதிக்கு மேல் ஏதாவது ஒரு கட்சியின் சின்னமாகப் போய்விட்டதால், முதல் நாளே வந்து பழைய செய்தித்தாளை ஒட்டி எல்லாவற்றையும் மறைத்துவிட்டார்கள். வாய்ப்பாடு மட்டும் தப்பித்தது.

உள்ளே விரலில் வைக்கும் மையின் நெடி. என் வகுப்பு மின்விசிறி வழக்கம்போல முனகிக்கொண்டிருந்தது. அறை நடுவே கனகம்மா தனியாக நின்றிருந்தார். விசைத்தறித் தெருக்காரர், நாற்பது வயதிருக்கும். கஞ்சி மொடமொடப்புக் குறையாத புதுச்சேலை, தலையில் இரண்டு முழம் மல்லி, கையில் ஆதார் அட்டை. கோயிலுக்குப் புறப்பட்டவர் மாதிரி வந்திருந்தார்.

வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் அரக்கோணத்துப் பக்கத்து மனிதர். சின்னக் குரல். “இந்தம்மா லிஸ்ட்ல இருக்கிற கனகம்மாவே இல்லைன்னு ஏஜென்ட் ஆட்சேபம் சொல்றாருங்க மேடம். இந்தப் பாகத்துக்கு நீங்கதானே பி.எல்.ஓ.? பாத்து சொல்லுங்க” என்றார்.

ஏஜென்ட் என்றால், ஓட்டுப் போட வருகிறவர் சரியான ஆள்தானா என்று பார்ப்பதற்காகக் கட்சிகள் உட்காரவைக்கும் ஆள். ஆட்சேபம் சொன்னவர் பெரிய கட்சி ஏஜென்ட் வெங்கடேசன். அதற்கான சில்லறைக் கட்டணத்தைக்கூட மேசைமேல் வைத்துவிட்டுத் தன் பட்டியலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் என் பட்டியலைப் புரட்டினேன். அந்த வரி இப்படி இருந்தது: கனகம்மா. கணவர் பெயர்: பாவா.

கையில் இருந்த ஆதார் அட்டையில் கணவர் பெயர் தனபால். பட்டியலில் இருந்த படமோ கரி பூசியது போலிருந்தது. அது கனகம்மாவாகவும் இருக்கலாம், நானாகவும் இருக்கலாம்.

அந்தப் பாவாவைப் பெற்றெடுத்தவள் நான்தான்.

தறிச் சத்தத்தில் பிறந்தவர்

போன வாரம் இந்தப் பத்தியில், திருத்தணி மலைமேல் குரங்கு என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிய கதையை எழுதியதற்கு, “நீங்கள் எப்போதும் பிறர் செய்த குறும்பையே எழுதுகிறீர்கள், உங்கள் தப்பை எழுதுவதில்லை” என்று ஒரு வாசகர் கோபித்திருந்தார். இந்த வாரம் அவருக்குத் திருப்தியாக இருக்கும்.

எனக்குப் பிறந்த ஊர் மணவூர். வயல், கிணறு, ரயில் ஸ்டேஷன் என்று வளர்ந்தவள். வீட்டுக்காரருக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை. எனக்குத் திருத்தணியில் பள்ளிக்கூடம் கிடைத்ததால் இங்கே குடிவந்தோம். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெலுங்கு வராது. திருத்தணியில் பாதிப் பேருக்கு அது வீட்டுப் பேச்சு என்பதையும் நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. கடைக்காரரும் பஸ் கண்டக்டரும் என்னிடம் தமிழில்தானே பேசுகிறார்கள்!

ஆசிரியர் தலையில் எத்தனை வேலை வைத்தாலும் தாங்கும் என்று அரசாங்கத்துக்கு ஒரு நம்பிக்கை உண்டு. அப்படி என் தலையில் வந்து விழுந்ததுதான் பி.எல்.ஓ., அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலர் வேலை. ஒரு வாக்குச்சாவடிக்கு உட்பட்ட தெருக்களில் வீடு வீடாகப் போய், செத்தவர் பெயரை நீக்கி, வந்தவர் பெயரைச் சேர்த்து, பட்டியலைச் சரியாக வைத்திருக்க வேண்டும். தெருவில் எனக்கு ‘ஓட்டு டீச்சர்’ என்று பெயர்.

விசைத்தறித் தெருவின் கடைசி வரிசை வீடுகளில் இருந்தவர்களுக்கு ஓட்டு வேறொரு வார்டில் இருந்தது. அவர்களை இந்தப் பட்டியலுக்குக் கொண்டுவரப் புதுப் படிவம் நிரப்பப் போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே தறி ஓடும் வீடுகளில் பேச்சு காதில் விழாது. வாயைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். தடதடதட என்று தரையே அதிரும்.

முதல் வீட்டில் கேட்டேன்: “வீட்டுக்காரர் பேரு என்னம்மா?”

அந்த அம்மா உள்பக்கம் திரும்பி, “பாவா!” என்றார்.

எழுதிக்கொண்டேன். அடுத்த கட்டம்: வயது.

இரண்டாவது வீட்டிலும் அதே பதில். மூன்றாவது வீட்டிலும். எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு முனுசாமி இருப்பதைப் போல இவர்களுக்குள் பாவா என்பது பிரசித்தமான பெயர் போலிருக்கிறது என்று நினைத்தேன். வேலை சீக்கிரம் முடிகிறதே என்று சந்தோஷம் வேறு. ஒரு வீட்டில் மட்டும், கூப்பிட்ட உடனே உள்ளிருந்து பனியனோடு ஒரு மனிதர் எழுந்து வந்து நின்றார். “நீங்க போங்கண்ணா, வேலைய பாருங்க, எழுதியாச்சு” என்று பெரிய மனதோடு அனுப்பிவைத்தேன். அவர்தான் தனபால். பெயரைச் சொல்லத்தான் பாவம் தறியை நிறுத்திவிட்டு வந்திருந்தார்.

அந்தப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டு, நீங்களே வந்து சொல்லுங்கள் என்று அவர்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அத்தை மகன், மாமன் மகன் என்று முறைப்பிள்ளையைக் கட்டிக்கொண்டவர்கள் எல்லாரும். அவர்கள் வீட்டுப் பேச்சான தெலுங்கில் முறைப்பிள்ளைக்குப் பாவா என்றுதான் பெயர். அக்காள் புருஷனும் பாவாதான். இதெல்லாம் எனக்குத் தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது.

வரைவுப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே வந்து சிரித்தவர் யார் தெரியுமா? இதே வெங்கடேசன்தான்.

“இன்னா டீச்சர், எங்க தெருவுல பதினோரு பொம்பளைங்களுக்கு ஒரே புருஷன் போட்டு வெச்சிருக்கீங்க! என் பொண்டாட்டிக்கும் அவன்தான் புருஷனாம். நான் எங்க போறது?”

வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் நிறுத்திவிட்டுச் சிரித்தன. எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. ஆனால் அவர் கேலியோடு விடவில்லை. பதினோரு பேருக்கும் திருத்தப் படிவம் வாங்கி, ஒவ்வொரு வீடாக என்னோடு வந்து, புருஷன்மார் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னார். பத்துப் படிவம் தேறியது. கனகம்மாவின் படிவம் மட்டும், ஒரு நகல் குறைகிறது என்று தாலுகா ஆபீஸிலிருந்து திரும்பி வந்தது. அரைப் பரீட்சை விடைத்தாள்களோடு அதையும் என் பையில் வைத்தேன். அதோடு மறந்தேன்.

மறந்தேன் என்பதற்கு மேல் சொல்ல எனக்கு ஒரு சாக்கும் இல்லை.

அந்த அவமானத்தில் செய்த ஒரே நல்ல காரியம், கொஞ்சம் தெலுங்கு கற்றுக்கொண்டது.

வட்டம்

கட்சிகளின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதி, பத்திரிகை ஆசிரியருக்கு எதற்கு வேலை கூட்டுவது? எங்கள் வார்டில் எனக்குத் தெரிந்து ஜெயித்துக்கொண்டே இருப்பது ஒரு கட்சிதான். அதைப் பெரிய கட்சி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கட்சிக்கு எங்கள் பகுதியில் ஒரு வட்டச் செயலாளர் உண்டு. அவர் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, ‘வட்டம்’ என்பார்கள். “வட்டம் வந்துகினு இருக்காரு”, “வட்டத்தாண்ட ஒரு வார்த்த சொல்லிடு.” நானே ஒருமுறை அவரை நேரில் “வாங்க வட்டம்” என்று சொல்லிவிட்டேன். அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் கெட்டவர் என்று எழுதினால் பொய்யாகிவிடும். தெருவில் சாவு விழுந்தால் முதலில் வந்து பந்தலுக்குச் சொல்பவர் அவர்தான். ஆஸ்பத்திரிக்கு வண்டி, காலேஜில் சீட்டு, ரேஷன் கார்டு எல்லாவற்றுக்கும் அவர் வீட்டு வாசலில்தான் ஆள் நிற்கும். என் பட்டியலில் செத்தவர்கள் உயிரோடு இருப்பார்கள், அவர் பட்டியலில் இருக்கமாட்டார்கள். அந்த விஷயத்தில் எனக்கு அவரைக் கண்டால் பொறாமை.

தேர்தலுக்கு முன்னால் அவர் தெருவில் நடந்து போவதே ஒரு அழகு. தறி ஓடும் வாசலில் நின்று, விரலைக் காட்டிக் கேட்பார்: “தனபாலு, உன்ட்ட மூணுதானே?” தனபால் உள்ளிருந்து தலையாட்டுவார். மூன்று ஓட்டு. ஒன்று தனபால், ஒன்று கனகம்மா, ஒன்று காலேஜ் முடித்த பெண். அடுத்த வீடு: “உன்ட்ட அஞ்சு.” அரை மணி நேரத்தில் தெரு முடிந்துவிடும். எனக்கோ அதே தெருவுக்கு நாலு நாள் ஆகும்.

இதில் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டுமே என்று நீங்கள் நினைக்கலாம். வரவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் எம்.ஏ., பி.எட். படித்தவள். மாதச் சம்பளக்காரி. ஊரார் ஓட்டையெல்லாம் பட்டியல் போடுகிறவள். என் முதல் ஓட்டை எங்கள் அப்பா சொன்ன சின்னத்தில் போட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு, வீட்டுக்காரர் அரக்கோணம் வண்டிக்கு ஓடும் அவசரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்ன சின்னத்தில் போட்டேன். அவர்கள் யாரும் என்னைக் கட்டாயப்படுத்தியதில்லை. எனக்கே அது ஒரு விஷயமாகத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

கனகம்மாவைப் பார்க்கும்வரை தோன்றவில்லை.

“யோசனை பண்றேன்”

அந்த நகராட்சித் தேர்தலுக்குச் சில நாள் முன்பு, வாக்காளர் சீட்டு கொடுக்க அந்தத் தெருவுக்குப் போயிருந்தேன். அதே நேரத்தில் பெரிய கட்சி வேட்பாளரும் மேளதாளத்தோடு வந்துவிட்டார். முன்னால் வட்டம், பக்கத்தில் வெங்கடேசன். வாசல்தோறும் பெண்கள் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். மஞ்சள் நீரும் கற்பூரமும் பட்டாசுப் புகையுமாகத் தெருவே மணத்தது. சத்தம் தாங்காமல் நான் கனகம்மா வீட்டு வாசலில் ஒதுங்கி நின்றேன்.

கனகம்மா கையில் தட்டு இல்லை. ஒரு காலி பிளாஸ்டிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். தண்ணீர் லாரிக்காகக் காத்திருந்தவர், வேட்பாளர் வந்துவிட்டாரே என்று உள்ளே போகவில்லை.

வட்டம் வழக்கம்போல உள்ளே எட்டிப் பார்த்து, “தனபாலு, மூணுதானே?” என்றார். தனபால் தலையாட்டினார்.

“ரெண்டு” என்றார் கனகம்மா.

மேளக்காரர் மூச்சு விடுகிற நேரம் அது. எல்லாருக்கும் கேட்டுவிட்டது. வட்டம் சிரித்தபடியே, “ஏம்மா, பொண்ணு வெளியூர் போயிடுச்சா?” என்றார்.

“பொண்ணு உள்ளதான் கீது. நான் என்னுதச் சொல்றேன். என் ஓட்ட அவர்ட்ட ஏன் கேக்குறீங்க? என்னாண்ட கேளுங்க, தோ எதிர்லதானே நிக்கிறேன்.”

வெங்கடேசன் முகம் வெளுத்துவிட்டது. அவர் கனகம்மாவுக்கு அக்காள் புருஷன். இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவர். “கனகா, சும்மா இரு” என்று பல்லைக் கடித்தார். வேட்பாளர் நல்ல அனுபவசாலி. கையைக் கூப்பி, “சரிம்மா, உங்களையே கேக்கிறேன். எனக்குத்தான் போடணும்” என்றார்.

கனகம்மா குடத்தை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.

“யோசனை பண்றேன்” என்றார்.

திட்டியிருந்தால்கூட அவர்கள் சிரித்துக்கொண்டே போயிருப்பார்கள். எதிர்க்கட்சிக்குத்தான் என்று சொல்லியிருந்தால், சரி, அது ஒரு கணக்கு என்று விட்டிருப்பார்கள். யோசனை பண்றேன் என்பது எந்தக் கணக்கிலும் சேரவில்லை. அந்த வார்டில் அதற்கு முன் யாரும் அப்படிச் சொன்னதில்லை போலிருக்கிறது. வட்டத்தின் சிரிப்பு உதட்டில் அப்படியே நின்றுபோனதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

அவர்கள் போன பிறகு கேட்டேன்: “ஏம்மா, இப்படிப் பேசிட்டீங்களே, பயமா இல்லையா?”

“பயமாத்தான் கீது டீச்சர். ஆனா இத்தினி வருசமா நானும் போய் நின்னு போட்டுகினுதான் வரேன். ஒருத்தர்கூட என் மூஞ்சியப் பாத்து ஓட்டு கேட்டதில்ல. அது என்னுதுதானா, அவருதுதானான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு.”

நான் அவரிடம் வாக்காளர் சீட்டைக் கொடுத்தேன். கணவர் பெயரை அப்போதாவது பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

வெங்கடேசன் பார்த்திருக்கிறார்.

அக்காவுக்கு ஜுரம்

இனி மூன்றாம் வகுப்பு அறைக்கு வருகிறேன்.

“எழுத்துப் பிழைன்னா விட்டுடலாம் மேடம்” என்றார் தலைமை அலுவலர். “சுப்பிரமணிங்கிறத சுப்ரமணின்னு போட்டா புரிஞ்சுக்கலாம். இங்க ஆளே வேற ஆளா இருக்குது. ஏஜென்ட்டும் இவங்கள தெரியாதுன்றாரு.”

“தெரியாதுன்னா சொன்னாரு?” என்று வெங்கடேசனைப் பார்த்தேன். அவர் தலையை நிமிர்த்தவில்லை.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். தறிச் சத்தம், பதினோரு பாவா, திருப்பி வந்த படிவம், பையில் வைத்து மறந்தது, ஒன்றையும் மறைக்கவில்லை. என் மேசை, என் கரும்பலகை, எல்லாவற்றுக்கும் முன்னால் நான் தப்புச் செய்த பிள்ளையாக நின்றேன். வரிசையில் நின்றவர்கள் வாசலில் தலையை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“அந்தத் திருத்தப் படிவம் இப்ப கையில இருக்குதுங்களா?”

“வீட்ல இருக்குதுங்க.”

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவர் மேலும் குற்றமில்லை. கனகம்மாவை அனுமதித்தால், வேறு ஆளை ஓட்டுப் போட விட்டார் என்று பெரிய கட்சி எழுதிக் கொடுக்கும். விடாவிட்டால், கனகம்மா வந்த வழியே போக வேண்டியதுதான். யோசித்து வைத்திருந்த அந்த ஒரு ஓட்டு என் பைக்குள்ளேயே மக்கிப்போகும்.

“ஏஜென்ட் சார், கடைசியா கேக்கிறேன். இந்தம்மாவ உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

“தெரியாது சார்” என்றார் வெங்கடேசன், பட்டியலைப் பார்த்தபடி. குரல் அவருடையதாகவே இல்லை.

கனகம்மா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் கத்தியிருப்பேன், அழுதும் இருப்பேன். அவர் ஓரடி நகர்ந்து, வீட்டுக் கொல்லைப்பக்கம் நின்று பேசுகிற அதே குரலில் கேட்டார்:

“பாவா, அக்ககி ஜொரம் தக்கிந்தா?”

அக்காவுக்கு ஜுரம் விட்டுதா என்று கேட்கிறார்.

“ஆங், தக்கிந்தி கனகா. பொத்துன்னே கஞ்சி தாகிந்தி” என்றார் வெங்கடேசன்.

விட்டுடுச்சு கனகா, காலையில கஞ்சி குடிச்சா. சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. பேனா கையிலிருந்து நழுவி உருண்டது.

முதலில் சிரித்தவர் எதிர்க்கட்சி ஏஜென்ட். பிறகு வாசலில் நின்றவர்கள். போலீஸ்காரப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார்.

தலைமை அலுவலர் மட்டும் சிரிக்கவில்லை. அதே சின்னக் குரலில், “யாருன்னே தெரியாதவங்க உங்க வீட்டு ஜுரத்த விசாரிக்கிறாங்களா சார்?” என்றார்.

வெங்கடேசன் எழுந்து நின்றார். “ஆட்சேபம் இல்ல சார். வாபஸ் வாங்கிக்கிறேன்” என்றார். கொஞ்சம் பொறுத்து, யாரும் கேட்காமலே, “என் மச்சினிச்சிதான் சார். என் கையால வளத்த பொண்ணு” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அந்த இரண்டாவது வாக்கியத்தை அவர் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அதனால்தான் இன்றுவரை அவர்மேல் எனக்கு மரியாதை போகவில்லை.

கனகம்மா கையெழுத்துப் போட்டார். விரலை நீட்டி மை வாங்கிக்கொண்டார். அட்டை மறைப்புக்குப் பின்னால் போனவர் வெகுநேரம் வரவில்லை. வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். யோசித்தாயிற்றே, இன்னும் என்ன என்று எனக்கும் பதைப்பு. பிறகு அந்த நீளமான பீப் சத்தம் கேட்டது. எத்தனையோ தேர்தல் வேலை பார்த்திருக்கிறேன், அந்தச் சத்தத்தைக் கேட்டு அழுகை வந்தது அன்றைக்குத்தான்.

வெளியே கேட்டருகே வட்டமும் தனபாலும் நின்றிருந்தார்கள். “யாருக்கும்மா போட்ட?” என்று வட்டம் நேரடியாகவே கேட்டார்.

“யோசனை பண்ணித்தான் போட்டேன்” என்று சொல்லிவிட்டுக் கனகம்மா நடந்தார். தனபால் ஒரு கணம் வட்டத்தைப் பார்த்தார், ஒரு கணம் மனைவியைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மனைவி பின்னாலேயே போய்விட்டார்.

ஒரு சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை. அந்தக் கேள்வி சாமர்த்தியமா, நிஜமா? கனகம்மாவிடமே கேட்டேன். “சாமர்த்தியமெல்லாம் இல்ல டீச்சர். வேட்பாளர் வந்த அன்னிக்கு நடந்த சண்டையில இருந்து நாலு நாளா அவங்க வீட்டுப் பக்கம் நான் போகல. அக்காவுக்கு ஜொரம்னு பால்காரர்தான் சொன்னாரு. அங்க பாத்ததும் கேக்கணும்னு தோணிச்சு” என்றார். சொன்னபோது முகத்தில் சிரிப்பு இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

கொக்கி

தேர்தலில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பெரிய கட்சிதான் ஜெயித்தது. வழக்கம்போல நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தது. பட்டாசு வெடித்தார்கள். மலைக்குப் போய் அர்ச்சனை செய்தார்கள். எங்கள் வீட்டுக்கும் லட்டு வந்தது. கனகம்மா யாருக்குப் போட்டார் என்று எனக்குத் தெரியாது. பெரிய கட்சிக்கே போட்டிருக்கலாம். அதைக் கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை, கேட்கக் கூடாது என்ற புத்தியும் அப்போது வந்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கனகம்மாவின் திருத்தப் படிவத்தைப் புதிதாக எழுதி எடுத்துக்கொண்டு போனேன். கனகம்மா அக்காள் வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். போனால், அக்காள் ராஜம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறார், கனகம்மா கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார். வெங்கடேசன் தரையில் பட்டியலைப் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நாலு நாள் சண்டை எப்போது தீர்ந்தது என்று நான் கேட்கவில்லை.

“வாங்க டீச்சர், உக்காருங்க” என்றார். “வட்டம் கேட்டிருக்காரு, குறி போட்டுத் தரணும்.”

அப்போதுதான் அந்தக் குறிகளைப் பார்த்தேன். கட்சிக்காரர்கள் ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் ஒரு குறி போடுவார்களாம். நம்ம ஓட்டு என்றால் டிக். அவங்க ஓட்டு என்றால் பெருக்கல். யாருக்கு என்று தெரியாவிட்டால் கேள்விக்குறி. விசைத்தறித் தெருவின் பக்கங்களில் மேலிருந்து கீழ்வரை டிக், டிக், டிக். நடுவே அங்கங்கே ஒரு பெருக்கல். ஒரே ஒரு கேள்விக்குறி.

கனகம்மா கீரையை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். “இன்னா பாவா, என் பேரண்ட மட்டும் கொக்கி போட்டு வெச்சிருக்க?”

“நீ யாருக்குப் போடுவேன்னு தெரியலன்னு அர்த்தம்” என்றார் வெங்கடேசன். “நான் ஏஜென்ட்டா உக்காந்த நாள்லேர்ந்து நம்ம தெருவுல இந்தக் குறி போட்டதே இல்ல. வட்டத்துக்கு நான் இன்னா பதில் சொல்றது? பேசாம டிக்கே போட்டுடட்டா?”

“வேணாம். அதுவே இருக்கட்டும். அப்பதான் அடுத்த தடவ என்னாண்ட வந்து கேப்பாரு.”

வெங்கடேசன் பெருமூச்சு விட்டு, அடுத்த பெயருக்குப் பேனாவைக் கொண்டுபோனார். அடுத்த பெயர் ராஜம்மா. டிக் போட ஆரம்பித்த கையை, முறத்தைக் கீழே வைத்த சத்தம் நிறுத்தியது.

“எனக்கும் ஒரு கொக்கி போடு” என்றார் ராஜம்மா.